காளையின் திமிலில் ஒரு கீறல்

இரவு பதினொன்றரை மணிக்கு மாமாவிடமிருந்து வட்ஸ்அப்பில் பழைய காசு விற்கிற ஒரு விளம்பரமும் அதன் படமும் வந்தன. ரொறன்ரோவில் அப்போது மத்தியானம். யாரோ ஒருவருடைய உள்ளங்கையில் ஒரு செப்புக்காசு. படுத்திருக்கும் காளை, அதற்கு மேலே பிறை, கீழே தேய்ந்தும் தேயாமலும் 'சேது' என்ற இரண்டு எழுத்து. படத்தின் கீழே மாமாவின் ஒற்றை வரி: "மருமோன், இது அத்தான்ர காசு மாதிரி இல்லையோ?"

அத்தான் என்பது என் அப்பா. வட்டக்கச்சியில் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். கடைக்கு வரும் சில்லறையில் வித்தியாசமாக ஏதாவது கண்டால் தன் காசைப் போட்டு அதை எடுத்து ஒரு பிஸ்கட் ரின்னில் சேர்ப்பார். பனைமரம் போட்ட 1870ஆம் ஆண்டுச் சதங்கள், 1957இல் புத்த ஜயந்திக்கு வந்த வெள்ளி ஐந்து ரூபா, ஒல்லாந்தர் துட்டு ஏழெட்டு. அந்த ரின்னுக்குள் ஒரு சேதுக்காசும், அதாவது 'சேது' என்று எழுதின யாழ்ப்பாண ராசாக்களின் காசும், இருந்தது. பூநகரிப் பக்கம் வயல் உழும்போது எடுத்ததென்று ஒருவர் கொண்டுவந்து கொடுக்க, அப்பா பதிலுக்கு இரண்டு கிலோ சீனி கொடுத்தாராம். அந்தச் சீனிக் கணக்கை அம்மா கடைசிவரைக்கும் சொல்லிக் காட்டினார்.

2009 ஜனவரியில் நாங்கள் வீட்டைவிட்டு வெளிக்கிட்டபோது ரின்னும் எங்களோடு வந்தது. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு. தேவிபுரத்தில் ஒரு பனையடியில் தாட்டுவிட்டு, அடுத்த இடத்துக்கு ஓடினோம். மூன்று வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது பனையையே காணவில்லை. அப்பா அதைப்பற்றிப் பிறகு ஒருநாளும் கதைத்ததில்லை. மாமாவுக்கு அந்தக் காசு நினைவிருப்பதற்குக் காரணம், 1988இல் வெளிநாடு போவதற்கு முந்தின இரவு அப்பா அதை அவருடைய கையில் வைத்துக் காட்டியிருக்கிறார். "யாழ்ப்பாண ராசாவின்ர காசு, தொட்டுக் கும்பிட்டுட்டுப் போ" என்று.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பழைய காசு விற்கிறவன் நம்மிடம் விற்பது காசை அல்ல. மாமாவுக்கு அந்த விளம்பரம் காட்டியது அந்த இரவை.

விளம்பரத்தை முழுதாக வாசித்தேன். 'வன்னியில் இருந்து நேரடியாக. வட்டக்கச்சியில் 150 வருடப் பழைமையான எங்கள் பூர்வீக வீட்டில், அப்பம்மாவின் பெட்டகத்தில் பாதுகாக்கப்பட்டது. போரில் எல்லாம் இழந்த குடும்பம். மனவருத்தத்துடன் விற்கிறோம்.' விலை 320 கனடா டொலர், கூரியர் செலவு வேறு.

150 வருடப் பழைய வீடு வட்டக்கச்சியில்! எங்கள் அப்பப்பா ஐம்பதுகளில் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, காடு வெட்டி, யானைக்குப் பயந்து பரண் கட்டிப் படுத்த ஊர் அது. இரணைமடுத் தண்ணியை நம்பி வந்த சனம்தான் அங்கே எல்லாரும். பூர்வீகம் கேட்டால் தீவுப்பகுதி என்பார்கள், வடமராட்சி என்பார்கள், மலையகம் என்பார்கள். விளம்பரம் எழுதியவர் வட்டக்கச்சியைக் கூகிள் வரைபடத்தில் பார்த்திருக்கலாம். கால் வைத்திருக்கமாட்டார்.

ஆனால் ஊர்க்கதை பொய் என்றால் காசும் பொய் என்று ஆகிவிடாது. உண்மையான காசுக்கே கதை கட்டி விற்கிறவர்கள் உண்டு. அதனால் அன்றிரவு அதே காசை மற்ற இடங்களிலும் தேடிப் பார்த்தேன். விடியப்புறம் இரண்டு மணிக்குள் மூன்று அகப்பட்டன. மூன்று பெயர், மூன்று விலை. ஒன்று திருச்சியில் இருந்து விற்பதாக, ஒன்று லண்டனில் இருந்து, ஒன்று 'முல்லைத்தீவுக் கடற்கரையில் கிடைத்தது' என்று. மூன்று படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பெருப்பித்தேன். மாமா அனுப்பின படத்தில் இருந்ததுபோலவே, காளையின் திமிலுக்குக் குறுக்கே, வலப்பக்கம் சரிந்து, தலைமயிர் போல ஒரு கீறல். மூன்றிலும். விளிம்பில் ஏழு மணி திசையில் ஒரு சின்ன வெட்டு. அதுவும் மூன்றிலும். படம் ஒன்றையே களவெடுத்துப் போட்டிருக்கிறார்களோ என்றால் அதுவும் இல்லை. வெளிச்சம் வேறு, கை வேறு, ஒன்றில் காசு பச்சை பிடித்திருந்தது, ஒன்றில் கறுப்பு.

இதில் என்ன பிரச்சினை என்பதை விளக்கத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் காலத்தில் காசு கையால் அடித்தது. செப்புத் துண்டை ஒரு அச்சின்மேல் வைத்து, மேலே இன்னொரு அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரு அடி. அச்சு ஒன்றுதான் என்றாலும் விழுகிற அடி ஒவ்வொன்றும் வேறு. ஒன்றில் காளையின் முகம் விளிம்புக்கு வெளியே போயிருக்கும், ஒன்றில் பிறை பாதிதான் விழுந்திருக்கும். அதன்பிறகு ஒவ்வொரு காசும் தன்தன் பாட்டில் அறுநூறு வருடம் மண்ணிலும் மடியிலும் கிடந்து வேறுவேறு இடத்தில் கீறுப்பட்டிருக்கும். இரண்டு காசில் ஒரே கீறல், ஒரே வெட்டு, ஒரே சரிவு இருந்தால் அவை அடித்த காசு அல்ல. ஒரு நல்ல காசை எடுத்து அச்சு எடுத்து, உலோகத்தை உருக்கி ஊற்றி வார்த்த பிள்ளைகள். தாயின் தழும்போடு பிறந்த பிள்ளைகள் என்று வையுங்கள். கீறல் விழுந்த அந்த முதல் காசு எங்கேயோ உண்மையாக இருக்கிறது.

விற்கிறவருக்குத் தகவல் அனுப்பினேன். பெயர் மாற்றி, யேர்மனியில் இருப்பதாகச் சொல்லி. (பொய்தான். அவர் எனக்கு ஊரே பொய்யாகச் சொன்னார், நான் நாட்டை மட்டும் மாற்றினேன்.)

"காசின் நிறை எத்தனை கிராம் அண்ணை?"

"ஒரிஜினல் அண்ணா. நூறு வீதம்."

"சரி, நிறை?"

"பழைய காசுக்கு நிறை எதுக்கு அண்ணா, தேய்ந்திருக்கும்தானே."

"விளிம்பைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்புவீங்களோ?"

அதோடு ஆளைக் காணவில்லை. வார்ப்புக் காசின் விளிம்பில்தான் இரண்டு அச்சுப் பாதியும் சந்திக்கிற கோடு இருக்கும். அதை அரத்தால் ராவி அழித்தால் ராவின தடம் இருக்கும். நல்ல காசு வைத்திருக்கிறவர் விளிம்பைக் காட்ட மாட்டேன் என்று சொல்லி நான் கண்டதில்லை. காட்டச் சொல்லாமலே காட்டுகிற பேர்வழிகள் அவர்கள். பிடித்து உட்கார்த்தினால் எழும்ப விடமாட்டார்கள்.

நான் இதிலெல்லாம் கெட்டிக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்து வருடத்துக்கு முன், அப்பா போன பிறகு, அவருடைய ரின்னைத் திருப்பிச் சேர்க்கவேண்டும் என்று எனக்கு ஒரு விசர் பிடித்தது. முதல் வாங்கினது ஒரு விக்டோரியா வெள்ளி ரூபா. 1872இல் ரூபா இலங்கைக்கு வந்த பிறகு இந்திய வெள்ளி ரூபாதான் இங்கேயும் ஓடியது, அப்பப்பாவின் அம்மாவிடம்கூட இருந்ததாம். விளம்பரத்தில் 'விக்டோரியா எம்பிரஸ், 1862, மிக அரிது' என்று இருந்தது. 6,500 ரூபா, வீட்டுக்கு வந்ததும் காசு கொடுக்கலாம். கூரியர்ப் பொடியன் படலையடியில் நின்று, "அண்ணை, காசைத் தந்திட்டுத்தான் உடைக்கலாம்" என்றான். அது அவனுடைய பிழை இல்லை, அவனுக்குச் சொல்லிவிட்ட முறை அது. கொடுத்தேன், உடைத்தேன். பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்பே ஒரு சங்கதி என்பது அப்போது தெரியாது.

கிளிநொச்சி டவுனில் நகை வேலை செய்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் காசை வாங்கி முதலில் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். முகத்தை ஒருமாதிரி வைத்துக்கொண்டு தராசில் போட்டார். 10.08.

"தம்பி, வெள்ளி ரூபா ஒரு தோலா. பதினொண்டு அறுபத்தாறு நிக்கவேணும்."

"தேய்ஞ்சிருக்கும் அண்ணை."

"தேய்ஞ்சதோ? ராசாத்தியின்ர மூக்கு இந்தா கத்திமாதிரி நிக்குது. ஒண்டரைக் கிராம் எங்கயால தேய்ஞ்சது?"

பிறகு அவர் செய்து காட்டியது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தராசில் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் கோப்பையில் தண்ணீர் வைத்து, இலக்கத்தைச் சைபராக்கினார். காசைத் தங்கூசியில் கட்டி, கோப்பையின் அடியிலோ பக்கத்திலோ முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். தராசு 1.13 காட்டியது. அதுதான் காசு பிடிக்கிற இடம், கன சென்ரிமீற்றரில். 10.08ஐ 1.13ஆல் பிரித்தால் 8.9. வெள்ளி ரூபாவில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி என்பதால் 10.3 வரவேண்டும். 8.9 என்றால் செம்பும் நிக்கலும் கலந்த சாமான், எங்கள் சட்டைப்பையில் கிடந்த பழைய சில்லறையின் உலோகம். காந்தம் பிடிக்குமோ என்று கேட்டேன். "உது பிடிக்காது. காந்தம் பிடிக்கிறது இரும்பில செய்த மொக்குக் கள்ளனை. உன்னட்ட வித்தவன் கொஞ்சம் படிச்ச கள்ளன்" என்றார்.

ஆனால் அவ்வளவு படித்தவனும் இல்லை. வீட்டுக்கு வந்து வாசித்துப் பார்த்தபிறகுதான் விளங்கியது, விக்டோரியா இந்திய ரூபாவில் 'எம்பிரஸ்' ஆனது 1877இல். அதற்கு முந்தின காசுகளில் 'குயின்' என்றுதான் இருக்கும். 1862ஆம் ஆண்டும் 'எம்பிரஸ்' என்ற சொல்லும் ஒரே காசில் வரவே வராது. தராசு தேவையில்லை, தண்ணீர் தேவையில்லை, விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதியிருந்தது. நான் கூட்டுறவில் கணக்குப் பார்க்கிறவன். நாள் முழுக்கத் திகதி ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் தொழில்.

அந்தக் காசு இன்னும் மேசை லாச்சியில் கிடக்கிறது. தாள் பறக்காமல் வைக்க நல்லது.

முழுப்பொய்யை விட எனக்கு எரிச்சல் தருவது பாதி உண்மை. போன வருடம் ஒரு விளம்பரம் கண்டேன்: 'மாவீரன் பண்டாரவன்னியன் காலத்து நாணயம்.' படத்தில் இருந்தது சாதாரண ஒல்லாந்தர் துட்டு. ஒரு பக்கம் வீஓசி என்ற கம்பனி முத்திரை, கீழே 1790. வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது 1803 ஆகஸ்டில். ஆக அவருடைய காலத்தில் அந்தத் துட்டு சனத்தின் மடியில் இருந்திருக்கும்தான், பொய்யென்று வழக்குப் போட முடியாது. ஆனால் அடித்தது ஒல்லாந்தில், அடிப்பித்தது ஒல்லாந்தர் கம்பனி. அதே துட்டு லட்சக்கணக்கில் கப்பலில் ஆசியாவுக்கு வந்து கொட்டுப்பட்டது. அப்பா எண்ணாமல் ரின்னில் போட்ட சாமான். சொற்ப விலைக்குப் போகிற அதை, ஒரு பெயரைப் பக்கத்தில் நிறுத்திப் 18,000 ரூபாவுக்குப் போட்டிருந்தார்கள். கீழே வெளிநாட்டுப் பிள்ளைகள் 'பெருமையாக இருக்கிறது' என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அதில் என்ன பதில் போடுவதென்றே தெரியவில்லை. பெருமையில் பிழை இல்லையே.

இதே வகையில் இன்னும் பல. 'வெள்ளி நிறம்' என்று எழுதுவார்கள், நாம் 'வெள்ளி' என்று வாசிப்போம். 2013ஆம் ஆண்டு போட்டு மத்திய வங்கி வெளியிட்ட மாவட்டப் பத்து ரூபாக்கள் இருபத்தைந்தையும் 'அரிய கிளிநொச்சிக் காசு', 'அரிய முல்லைத்தீவுக் காசு' என்று பிரித்துப் பிரித்து விற்பார்கள். பஸ்ஸில் மிச்சக்காசாகக் கையில் விழுந்த சாமான் அது. புளியும் சாம்பலும் போட்டு மினுக்கின செப்புச் சதத்தைப் 'புத்தம் புதிது' என்பார்கள். மினுக்கினால் அந்தச் சதத்தின் மதிப்பு நன்றாகக் குறைந்துவிடும் என்பது வாங்கிய பிறகுதான் தெரியவரும். பெட்டியில் அடைத்துத் தரம் போட்ட காசு என்றால் நிம்மதி என்று நினைக்கவும் வேண்டாம். பெட்டியையும் போலியாகச் செய்கிறார்கள், வேறொரு நல்ல காசின் இலக்கத்தையே அதில் ஒட்டியும் விடுகிறார்கள். தரம் போட்ட நிறுவனத்தின் தளத்தில் அந்த இலக்கத்துக்குரிய படம் இருந்தால், அதில் இருப்பது இதே காசுதானா என்று பார்ப்பது ஒன்றுதான் வழி.

வாங்குகிறவர்கள் மட்டும் ஏமாறுவதில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா இருக்கிறார், கணவர் இல்லை, கோழி வளர்ப்பு. அவருடைய மகள் போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறாள், பழைய காசுக்குப் பத்து லட்சம், இருபது லட்சம் என்று. இந்தியாவில் இந்த வியாதி முன்பே முற்றிவிட்டது. உழவு இயந்திரம் போட்ட ஐந்து ரூபாத் தாள், வைஷ்ணோதேவி போட்ட ஐந்து ரூபாக் காசு என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் இந்திய ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை விடவேண்டி வந்தது: பழைய தாள், காசு விற்று வாங்கும் வேலை எங்களுக்கு இல்லை, எங்கள் பெயரில் யாரும் கட்டணமோ கொமிஷனோ கேட்டால் கொடுக்காதீர்கள் என்று. அறிக்கை அங்கேயே நின்றுவிட்டது, வீடியோ மட்டும் கடல் தாண்டி வந்தது.

அக்காவிடம் இருந்தது 1978ஆம் ஆண்டு ஜனாதிபதி ஜே.ஆர். தலை போட்ட ஒரு ரூபா. போன் இலக்கத்துக்குப் படம் அனுப்பியதும் பன்னிரண்டு லட்சம் என்று பதில். பதிவுக் கட்டணம் மட்டும் 4,500. கட்டினார். பிறகு வரி என்று 18,000. கோழி விற்றுக் கட்டினார். பிறகு கொழும்பிலிருந்து காசோடு வாகனம் வெளிக்கிட்டுவிட்டது, முறிகண்டியில் மறித்து வைத்திருக்கிறார்கள், விடுவிக்க இன்னும் 25,000 வேண்டும் என்று. அப்போதுதான் என்னிடம் வந்தார், கடன் கேட்க. வந்து நின்ற கோலத்தைப் பார்த்தால், காசு வருமென்று அவருக்கும் அப்போது நம்பிக்கை இல்லை. ஆனால் இந்த 25,000ஐக் கட்டாவிட்டால் முதல் கட்டின 22,500ம் மோசடி என்று தானே ஒத்துக்கொள்ள வேண்டிவரும். "முறிகண்டியான் கோயிலடியில எண்டுதான் தம்பி சொன்னவங்கள்" என்றார். ஏ9 வீதியில் போகிற ஒவ்வொரு வாகனமும் தேங்காய் உடைக்க நிற்கிற இடம். அந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் சனம் நம்பும் என்று தெரிந்த ஒருவன்தான் மறுமுனையில் இருந்திருக்கிறான். வெளியூர்க்காரன் இல்லை என்பதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

சரி, மாமாவின் காசுக்கு வருகிறேன்.

சேதுக்காசு விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தின பொருளைத் தொல்பொருளாகப் பார்க்கிறது. அதை அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் போர்த்துக்கேயரிடம் முடிந்துபோனது, அப்படிப் பார்த்தால் அதன் காசு இருநூறு வருடம் முந்தியது. ஆகவே 'வன்னியில் இருந்து நேரடியாக, ஐந்து நாளில் உங்கள் வீட்டில்' என்கிற விளம்பரம் உண்மையென்றால் அது கடத்தல், பொய்யென்றால் மோசடி. மூன்றாவதாக ஒன்று இல்லை. புதையல் தோண்டப் போய் ஸ்கானரோடும் பூசைத் தட்டோடும் பிடிபடுகிறவர்களின் செய்தி மாதம் ஒன்றாவது வருகிறது. உண்மையான பழங்காசு கிடைத்தவன் அதை வட்டக்கச்சிப் பெயர் போட்டு ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருப்பானா?

இதையெல்லாம் கோத்து, மூன்று படத்தையும் கீறலுக்குச் சிவப்பு வட்டம் போட்டு, அடுத்தநாள் காலை மாமாவுக்கு அனுப்பினேன். 'வாங்காதேங்கோ மாமா' என்று கடைசியில் எழுதினேன்.

இரண்டு நீலக் கோடும் வந்தது. பதில் வரவில்லை. அன்று முழுக்க வரவில்லை. இரவு வீடியோவில் அழைத்தார். மாமி பின்னால் ஏதோ பொரித்துக்கொண்டிருந்த சத்தம். மாமா போனைச் சமையலறை லைற்றுக்குக் கிட்டக் கொண்டுபோய், மற்றக் கையை நீட்டினார். உள்ளங்கையில் காளை.

"போன கிழமையே வந்திட்டுது" என்றார். "உன்னட்டச் சும்மா கேட்டுப் பாத்தனான்."

"கொஞ்சம் சரிச்சுப் பிடியுங்கோ மாமா."

சரித்தார். திமிலில் வெளிச்சம் விழுந்தது.

"நீ வட்டம் போட்டனுப்பின கீறல்தானே? தெரியுது தெரியுது. அது அத்தான்ர காசிலயும் இருந்தது மருமோன். உனக்கு நினைவில்லையோ? இந்தா, இதே இடத்தில."

சின்ன வயதில் காய்ச்சல் வந்து படுத்தால் அப்பா அந்த ரின்னை என் பாயில் வைத்துவிட்டுத்தான் கடைக்குப் போவார். அந்தக் காசை நூறு தரமாவது விரலால் தடவியிருப்பேன். காளையின் முதுகு விரலுக்கு எப்படி இருந்தது என்று இப்போதும் சொல்வேன். பிறையின் ஒரு நுனி மற்றதைவிடக் கொஞ்சம் தடிப்பு. கீறல் ஒன்று இருந்ததா இல்லையா என்று அன்றிரவு விடியும்வரை யோசித்தேன்.